வேண்டாம் என்று எழுதிய வீடு

அரசாங்கம் புதிய உதவித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தபோது, யாருக்குக் கொடுப்பது, யாரை விடுவது என்று தீர்மானிப்பதற்காக வீடு வீடாகப் போய் விபரம் திரட்டும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. நான் அப்போது ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்தேன். புத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தை எனக்குத் தந்தார்கள். காலையில் ஸ்கூட்டியில் போனால் வெயில் தணியத்தான் திரும்புவேன்.

கேள்விகள் எல்லாம் கைத்தொலைபேசியில் இருந்தன. வீட்டுச் சுவர் எதனால் ஆனது, நிலத்துக்குச் சீமெந்து போட்டிருக்கிறதா, மலசலகூடம் உண்டா, என்ன வாகனம் இருக்கிறது, வீட்டில் தீராத நோயுள்ள வருத்தக்காரர் யார், வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா. பதில்களை அமத்தி அனுப்பிவிட வேண்டும். அந்தக் குடும்பம் எவ்வளவு ஏழை என்பதைக் கொழும்பில் ஒரு கணினி சொல்லும் என்றார்கள்.

சனங்கள் கெட்டிக்காரர்கள். நான் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே மோட்டார் சைக்கிள்கள் வேலிக்குப் பின்னால் போய்விடும். ஒரு வீட்டில் குளிர்சாதனப் பெட்டியைச் சேலையால் மூடி, மேலே சாமிப் படங்களை அடுக்கி, விளக்கும் கொளுத்தி வைத்திருந்தார்கள். சேலைக்குள்ளே பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தாள், நான் சாமியைப் பார்த்தேன். இப்படி மூன்று வாரம் போனதும் எனக்கு ஒருவித சலிப்பு வந்துவிட்டது. யாரைப் பார்த்தாலும் எதையோ மறைக்கிறார் என்றுதான் மனம் முதலில் நினைத்தது. உண்மையில் ஒன்றும் இல்லாதவர்களும் அந்த ஒழுங்கைகளில் இருந்தார்கள். அவர்களையும் அதே கண்ணால்தான் பார்த்தேன்.

அந்தச் சலிப்போடுதான் ஒரு மத்தியானம் அந்த வீட்டுக்குப் போனேன். வீட்டுத் திட்டத்தில் கட்டிய சிறிய கல்வீடு. பூச்சு முழுதாக முடியவில்லை. பக்கத்துக் கொட்டிலில் ஒருவர் குந்தியிருந்து வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கிய வயது. என்னைக் கண்டதும் எழும்பி, தோளில் கிடந்த துண்டால் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்து வைத்தார்.

"இருங்கோ பிள்ளை. என்ன விஷயம்?"

சொன்னேன். அவர் திரும்பக் குந்தி வெங்காயத்தைக் கையில் எடுத்தார்.

"உது எங்களுக்கு வேண்டாம்."

"தாறது எண்டு இன்னும் முடிவில்லை அண்ணை. விபரம் எடுக்கிறதுதான் என்ரை வேலை."

"விபரம் எடுத்தால் பேந்து பேரை ஒட்டுவினம். விதானையாற்றை கந்தோர்ப் பலகையிலை ஒட்டுற பேருகளை நானும் நிண்டு வாசிக்கிறனான். என்ரை பேரை இன்னொருத்தன் அப்பிடி நிண்டு வாசிக்கிற அளவுக்கு நான் இன்னும் விழேல்லை."

எனக்கு அவரோடு கதைக்க வேண்டும்போல் இருந்தது. உரமானியம் எடுக்கிறீர்கள்தானே என்று கேட்டேன்.

"அது தோட்டஞ் செய்யிறவனுக்குக் குடுக்கிறது. நான் விளைவிச்சால் நாலு சனம் தின்னும். இது அப்பிடியில்லை."

"இந்த வீடும் அரசாங்கம் கட்டித் தந்ததுதானே?"

"சண்டையிலை இடிஞ்ச வீடு. இடிஞ்சதைக் கட்டித் தந்தவை. அது நட்டஈடு பிள்ளை, பிச்சை இல்லை."

எல்லாவற்றையும் தனக்குள்ளே முன்பே யோசித்து வைத்திருந்தார். எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்று அவருக்கு ஒரு கோடு இருந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. என்னைத் தாழ்த்தவும் இல்லை. காணி குத்தகைக் காணி என்றும், ஒரே மகளை வவுனியாவில் கட்டிக் கொடுத்திருப்பதாகவும், அவளுடைய பாடே இழுபறி என்றும், வெளிநாட்டில் ஒருவரும் இல்லை என்றும் நான் கேட்காமலே சொன்னார். அவ்வளவும் சொல்லிவிட்டு, "கை காலுக்கு ஒரு குறையுமில்லை. தோட்டம் கிடக்கு. அது எங்களுக்குக் காணும்" என்றார்.

அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். மெலிந்த பெண். வீட்டுக்குள்ளிருந்து வந்தபோதும் காலில் செருப்பு இருந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் செருப்போடு நடப்பவர்கள் குறைவு. சலரோகம் என்ற நீரிழிவு உள்ளவர்களை, கால் காயப்படாமல் இருக்க, கிளினிக்கில் அப்படி நடக்கச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அன்று அதை நான் யோசிக்கவில்லை. வெறும் குவளையை வாங்குவதற்காக அவர் குசினி வாசலில் நின்றார். நான் குவளையைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தொலைபேசியில் அதற்கும் ஒரு பதில் இருந்தது: தகவல் தர மறுத்துவிட்டார். அதை அமத்தியபோது மூன்று வாரத்தில் முதல் தடவையாக எனக்கு மனம் நிறைந்திருந்தது. ஸ்கூட்டியைக் கிளப்பும்போது சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல வேண்டும்.

சண்டைக்குப் பயந்து வலிகாமப் பகுதிச் சனம் முழுதும் ஒரே நாளில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. என் அப்பா ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். அயர்ன் பண்ணாத சட்டையோடு நான் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நிவாரண மா கொடுத்தார்கள். அப்பா வரிசையில் நின்றார். பையைப் பிடிக்க நான் பக்கத்தில் நின்றேன். எங்கள் முறை வந்தபோது, மேசையில் இருந்த இளைஞன் நிமிர்ந்து பார்க்காமல், "நீ நேற்றும் எடுத்தனியெல்லே?" என்று கேட்டான். அப்பா அட்டையை நீட்டி, "இல்லைத் தம்பி, இண்டைக்குத்தான் வாறன்" என்றார். அன்று அம்மா சுட்ட ரொட்டியை அப்பா தொடவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அப்பாவை நீ என்று சொன்னதில்லை. வெளியாரும் சொன்னதில்லை.

அந்த மாவில்தான் அந்த மழைக்காலம் முழுக்க நாங்கள் உயிரோடு இருந்தோம். அது எனக்கு மறந்துபோய்விட்டது. அந்த "நீ" மட்டும் மறக்கவில்லை. பிறகு இலவசமாகப் படித்தேன், இலவசமாகப் பல்கலைக்கழகம் போனேன், அரசாங்கச் சம்பளம் எடுக்கிறேன். அதையெல்லாம் நான் வாங்கிக்கொண்டதாக நினைத்ததே இல்லை. உழைத்து எடுத்ததாகத்தான் நினைத்தேன். அப்படிப்பட்ட எனக்கு, வரிசைக்கு வரமாட்டேன் என்று கொட்டிலுக்குள் இருந்து சொன்ன மனிதர் பெரிய ஆளாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

சில வாரங்கள் கழித்து அதே கிராமத்துச் சனசமூக நிலையத்தில் சுயதொழில் பற்றி ஒரு கூட்டம் நடத்தினேன். முப்பது பெண்கள்வரை வந்திருந்தார்கள். கோழி வளர்ப்பு, தையல், மிளகாய்த்தூள் பொதி செய்வது என்று சொல்லிக்கொண்டு போன நான், இடையில் அவருடைய கதையையும் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, எல்லோருக்கும் ஆளைத் தெரிந்துவிட்டது. "இருக்கிறதை மறைச்சு எழுதுவிக்கிற ஊரிலை, இல்லாமல் இருந்தும் வேண்டாமெண்டு சொன்ன ஒரு மனிசனும் இருக்கிறார்" என்றேன். கூட்டம் சத்தமில்லாமல் இருந்தது. என் பேச்சு வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

பின்வரிசையில் ஒரு தையல்காரப் பெண் இருந்தார். அவருடைய வீடு அந்த வெங்காயக் கொட்டிலுக்கு அடுத்த வளவு. அவர் கேட்டார்:

"மிஸ், மனிசிக்காரியும் வேண்டாமெண்டு சொன்னவவோ?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான், "ஒரு வீட்டுக்குள்ளை ரண்டு பேச்சு இருக்குமோ?" என்றேன்.

"அப்பிடியோ மிஸ்" என்று சொல்லிவிட்டு அவர் குனிந்துகொண்டார்.

கிராம அலுவலரான விதானையாரின் கந்தோரில் உதவி பெறுவோர் பட்டியல் ஒட்டினார்கள். விடுபட்டவர்களும் ஆட்சேபனை சொல்பவர்களும் எங்கள் செயலகக் கந்தோருக்கு வந்து குவிந்தார்கள். ஒருவர்மேல் ஒருவர் பெட்டிசம் எழுதினார்கள். அப்படிச் சனம் நிறைந்த ஒரு காலையில் என் மேசைக்கு முன்னால் அந்த வெங்காயத் தோட்டக்காரரின் மனைவி வந்து நின்றார். கையில் ஷொப்பிங் பை ஒன்று. அதற்குள் கிளினிக் கொப்பி.

"பிள்ளைக்கு என்னைத் தெரியுதோ?"

"தெரியும் அக்கா. இருங்கோ."

இருந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அண்டைக்கு இவர் வேண்டாமெண்டு சொன்னவர். நான் வேணுமெண்டு சொல்ல வந்தனான்."

கிளினிக் கொப்பியை எடுத்து விரித்துக் காட்டினார். எட்டு வருடமாகச் சலரோகம். மருந்து ஆஸ்பத்திரியில் சும்மா தருகிறார்கள், அதில் குறை சொல்ல முடியாது என்றார். சாப்பாடுதான் பிரச்சினை. "மரக்கறி தின்னு, மாவைக் குறை எண்டு சொல்லுகினம். எங்கடை வீட்டிலை மாதான் பிள்ளை கிடக்கு. குத்தகைக்கும் தண்ணி இறைக்கிற எண்ணெய்க்கும் போக மிச்சம் ஒண்டும் இல்லை. அவருக்கு இதெல்லாம் சொல்லேலாது. சொன்னால் இன்னும் ஒரு தறை காணி எடுத்துச் செய்வார். அவருக்கும் இப்ப ஏலாது."

"நீங்கள் வந்தது அண்ணைக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"அவர் வரவேணுமே அக்கா. குடும்பத் தலைவற்றை கையெழுத்து வேணும்."

நான் சொன்னது உண்மை இல்லை. வீட்டில் உள்ள வளர்ந்தவர் யாரும் தகவல் தரலாம் என்று எங்களுக்கு வேலை பழக்கிய முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள். அந்த நிமிடமே அவரை இருத்தி நான் எல்லாக் கேள்விகளையும் கேட்டிருக்கலாம். ஒரு மணித்தியாலம்கூட எடுக்காது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு எனக்கே பல காரணங்கள் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் சண்டை வரும், அவர் கந்தோருக்கு வந்து சத்தம் போடுவார், எனக்கு வேலை குவிந்து கிடந்தது. எல்லாம் ஓரளவு உண்மைதான். ஆனால் உள்ளே கிடந்தது வேறு. அந்தக் கிராமத்தில் அந்த ஒரு வீடாவது அப்படியே இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. கூட்டத்தில் எழும்பி நின்று சொன்ன கதை பொய்யாகிவிடக்கூடாது என்று இருந்தது.

"அவருக்குத் தெரியாமல் ஏலாதோ?" என்று கேட்டார்.

"எப்பிடியும் பேரை ஒட்டுவினமே அக்கா."

"ஓம், அதுவும் சரிதான்." கொப்பியைத் திரும்பப் பைக்குள் வைத்து, பையின் வாயை இரண்டு தடவை சுருட்டினார். "நான் வந்ததை அவரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ பிள்ளை."

"சொல்லமாட்டன்."

அந்தச் சொல்லை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றினேன்.

அந்த மாரி கொட்டித் தீர்த்தது. தோட்டங்களில் தண்ணீர் நின்று வெங்காயம் அழுகியது. நட்டஈடு பற்றிக் கதைத்தார்கள், படிவம் கொடுத்தார்கள். குத்தகைக்குச் செய்தவர்களில் பலரிடம் காட்டுவதற்குக் கடுதாசி இல்லை. அவரிடமும் இருந்திராது. போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நினைப்பதோடு நின்றது.

தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை சுன்னாகம் சந்தைக்குப் போனேன். சந்தையின் பின்பக்கத்தில், வியாபாரிகள் கழித்துப் போட்ட மரக்கறிகள் குவிந்திருக்கும். மாடுகள் நிற்கும். அங்கே ஒரு பெண் குனிந்து நின்று முட்டைக்கோவா இலைகளைக் கிளறி, நல்லதைப் பிரித்து ஒரு பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். பழுதான வெங்காயத்தின் தோலை உரித்து, உள்ளே நல்லாயிருந்ததை எடுத்தார். அந்த வீட்டு அக்காதான். புத்தூரில் இருந்து சுன்னாகம் கிட்ட இல்லை. பக்கத்திலேயே வேறு சந்தைகள் இருக்கின்றன. தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் இருக்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது.

அவர் நிமிர்ந்தார். என்னைக் கண்டார். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு மாடு மட்டும் நின்றது. நான் முகத்தைத் திருப்பி, பக்கத்தில் இருந்த கடையில் பயித்தங்காய் என்ன விலை என்று கேட்டேன். அவருடைய மானத்தைக் காப்பாற்றுவதாகத்தான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அவர் அங்கே இல்லை. வாங்கிய பயித்தங்காயை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்தேன். சாப்பிட்டேன்.

பங்குனியில் ஒரு நாள் அந்தத் தையல்காரப் பெண் கந்தோருக்கு வேறு அலுவலாக வந்தார். போகும்போது என் மேசையடியில் நின்று, "அண்டைக்குக் கூட்டத்திலை சொன்னியளே மிஸ், அந்த வீட்டு அக்காவுக்குக் கால் எடுத்திட்டினம். முழங்காலுக்குக் கீழை. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலை கிடக்கிறா" என்றார். என் பதிலுக்கு நிற்கவில்லை.

அடுத்த நாள் பார்வையாளர் நேரத்துக்குப் போனேன். தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். சலரோகக்காரருக்கு அதைக் கொடுக்கலாமா என்று வாசலில் நின்று யோசித்து, பிறகு அதைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன். அவர் கட்டிலில் சாய்ந்து இருந்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. என்னைக் கண்டு ஆச்சரியப்படவில்லை.

"என்னெண்டு அக்கா இப்பிடி வந்தது?"

"சந்தையிலை மரப்பெட்டி ஆணி ஒண்டு குத்திப்போட்டுது. செருப்பு வார் அறுந்துபோச்சு, வெறுங்காலோடை நிண்டனான்." அவர் சாதாரணமாகச் சொன்னார். "வீட்டிலை காட்டினால் எங்கை குத்தினது எண்டு கேப்பார். சந்தைக்குப் போறது அவருக்குத் தெரியாது. கோயிலுக்குப் போறன் எண்டுதான் சொல்லுறனான். கிளினிக்கிலை காட்டினால் ஏசுவினம். நோவும் இல்லைப் பிள்ளை. நோகாதபடியால் சீலையைச் சுத்திக்கொண்டு பேசாமல் இருந்திட்டன்."

"அவர் காணேல்லையோ?"

"புண் மணம் வந்தாப் பிறகுதான் கண்டவர்."

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தார். அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அவர் வேண்டாமெண்டது அவற்றை குணம். முப்பது வருசம் அதோடை இருந்திட்டன். பிறத்தியாரிட்டைக் கை நீட்டாத மனிசன் எண்டு எனக்கும் ஒரு பெருமை இருந்தது, இல்லையெண்டு சொல்லேலாது. நீங்கள் ஏன் பிள்ளை வேண்டாமெண்டனீங்கள்?"

நான் கையெழுத்து என்று தொடங்கினேன். அவர் கையை இலேசாக உயர்த்தினார்.

"வேண்டாம். இந்தப் பக்கத்துக் கட்டில் பிள்ளை சொன்னவ. தன்ரை மனிசன் வீட்டிலை இல்லாத நேரம் தான்தான் விபரம் குடுத்ததாம். ஒருத்தரும் கையெழுத்துக் கேக்கேல்லையாம்."

அதற்குமேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அப்பாவின் வரிசையைச் சொன்னேன், அந்த இளைஞனைச் சொன்னேன், அவருடைய கணவரைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னேன். கூட்டத்தில் பேசியதையும் சொன்னேன். அது அவருக்கு ஏற்கெனவே தெரியும். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு,

"உங்கடை அப்பா பேந்து கனகாலம் இருந்தவரோ?" என்றார்.

"பதினைஞ்சு வருசம் இருந்தவர்."

"அந்த மாவை எடுத்தபடியால்தானே இருந்தவர்."

இதைக் கோபத்தோடு சொல்லவில்லை. எனக்கு ஏதோ கணக்கு விளங்கவில்லை என்று நினைத்துச் சொல்லித் தந்ததுபோல் சொன்னார். நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுகிற ஆளைத் தேற்றுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும், அது அவரிடம் மிச்சம் இருக்கவில்லை.

அவருடைய கணவர் சுடுதண்ணீர்ப் போத்தலோடு வந்தார். என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் எழும்பி வெளியே வந்தபோது விறாந்தையில் என்னோடு நாலு அடி நடந்தார். மெலிந்திருந்தார். சவரம் எடுக்கவில்லை.

"அவ கந்தோருக்கு வந்தவ எண்டு இப்பத்தான் சொன்னவ. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே பிள்ளை."

"சொல்லவேண்டாமெண்டு கேட்டவ அண்ணை."

"நான் வேண்டாமெண்டன். அவ சொல்லவேண்டாமெண்டா. நீங்கள் ரண்டு பேற்றை சொல்லையும் கேட்டிருக்கிறியள்." இவ்வளவும் சொல்லிவிட்டு, தன் சொல்லைத் தானே கேட்டதுபோல் நின்றார். "உங்களைச் சொல்லி என்ன. செருப்பு அறுந்ததே எனக்குத் தெரியாது. ஒரு வீட்டுக்குள்ளை இருந்தனாங்கள்."

இரண்டு கிழமை கழித்து அவர் கந்தோருக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, வேட்டி கட்டி வந்திருந்தார். வரிசை நீளமாக இருந்தது. நான் எழும்பிப் போய், முன்னுக்கு வாருங்கள் என்றேன். "வேண்டாம், இதிலை நிக்கிறன்" என்றார். ஒன்றரை மணித்தியாலம் நின்றார். அவர் முறை வந்தபோது கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். சுவர், நிலம், மலசலகூடம், வாகனம். எல்லாவற்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னார். வீட்டில் மாற்றுத்திறனாளிகள் உண்டா என்ற கேள்வி வந்தபோது மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு, "ஓம்" என்றார். குடும்பத் தலைவர் யார் என்று கேட்டேன்.

"அவவின்ரை பேரைப் போடுங்கோ."

முடிந்ததும் எழும்பாமல் கேட்டார்: "பேரை ஒட்டுவினமோ?"

"ஓம் அண்ணை."

"சரி."

விண்ணப்பம் எடுபட ஏழெட்டு மாதம் ஆனது. அதற்கிடையில் அவர் தோட்டத்தில் பாதியை விட்டுவிட்டார். மனைவியைத் தூக்கி இருத்தவும், கிணற்றடிக்குக் கொண்டுபோகவும் ஆள் வேண்டும், மகளால் ஒரு மாதத்துக்குமேல் நிற்க முடியவில்லை. பட்டியலில் பெயர் வந்தது. ஒட்டினார்கள். வாசிப்பவர்கள் வாசித்தார்கள். அவர் பல வருடமாகக் கோயில் அன்னதானத்துக்குத் தன் தோட்டத்து வெங்காயம் கொடுத்து, தானே நின்று மரக்கறி வெட்டிக் கொடுப்பவராம். அந்த வருடம் போகவில்லை. யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. "கூப்பிட்டனாங்கள் மிஸ், தலையை ஆட்டினவர், வரேல்லை" என்றார் தையல்காரப் பெண்.

எனக்குப் பண்டத்தரிப்புப் பக்கம் இடமாற்றம் வந்தது. போவதற்கு முதல் அந்த வீட்டுக்கு ஒருமுறை போனேன். அவர் தோட்டத்தில் நின்றார். மனைவி குசினியில் ஒரு தாழ்ந்த வாங்கில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஊன்றுகோல் சுவரில் சாத்தியிருந்தது. செயற்கைக் கால் பொருத்த ஆஸ்பத்திரியில் சீட்டுத் தந்திருக்கிறார்கள், புண் முழுதாக ஆறவேண்டும் என்றார். உதவிப்பணம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டேன்.

"வருகுது. வங்கிக்கு ஓட்டோவிலை போட்டு வாறன். சாப்பாடு இப்ப பரவாயில்லை."

"அண்ணை என்ன சொல்லுறார்?"

கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "அந்தக் காசிலை வாங்கின அரிசி எண்டு தெரிஞ்சால் சாப்பிடமாட்டார் எண்டு பயந்தனான். சாப்பிடுறார் பிள்ளை. என்ன அரிசி எண்டு கேக்கிறதில்லை, குனிஞ்சு இருந்து சாப்பிட்டிட்டு எழும்பிப் போறார். முந்தி உப்புக் குறைவு, உறைப்புக் கூட எண்டு ஏதாவது சொல்லுவார். இப்ப ஒண்டும் சொல்லுறதில்லை. சண்டை பிடிச்சாலும் பரவாயில்லை எண்டு கிடக்கு எனக்கு."

நான் மன்னிப்புக் கேட்க நினைத்துத்தான் போயிருந்தேன். அது வாயில் வரவில்லை. வந்திருந்தாலும், அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டிய பாரத்தைத்தான் அவர்மேல் வைத்திருப்பேன். போட்டு வாறன் அக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை.

புதிய இடத்திலும் அதே வேலைதான். இப்போது ஒரு வீட்டில் ஆண் வேண்டாம் என்றால் நான் எழும்புவதில்லை. பெண்ணைத் தனியாகக் கேட்பேன். சிலர் முகம் சுளிப்பார்கள். மேலதிகாரிக்கு ஒருவர் முறைப்பாடும் எழுதியிருந்தார், நான் குடும்பத்தைப் பிரிக்கிறேன் என்று. அதை வாசித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமையும் அதிக நாள் நிற்கவில்லை. போன மாதம் ஒரு வீட்டில் கணவன் இல்லாத நேரம் மனைவி விபரம் தந்தார். அவன் ஏற்கெனவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய வீடு அது. நான் எல்லாவற்றையும் பதிந்து அனுப்பினேன். அடுத்த நாள் கந்தோர் திறக்கும்போதே அந்தப் பெண் வாசலில் நின்றார். உதடு வீங்கியிருந்தது.

"மிஸ், நேற்று எழுதினதை அழிச்சு விடுங்கோ."

உள்ளே கூட்டிப்போய் இருத்தினேன். பெண்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் கூட்டிப் போகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். பொலிசுக்கு? அதுவும் வேண்டாம்.

"அழிக்கேலுமோ மிஸ்?"

"அனுப்பினதை எங்களாலை அழிக்கேலாது" என்றேன். இந்தத் தடவை அது உண்மை. ஆனால் அவர் நம்பவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகுது என்று எழும்பிப் போனார்.